சிக்கரி கலவையை ‘பியூர் காபி’ என்று விற்கும் சேல்ஸ்மேனை என்ன செய்வது?

கேள்வி: சேலத்தில் காபித்தூள் அரைத்து விற்கிறோம், ஏற்காட்டுக் கொட்டை. ஆத்தூர் லைன் பார்க்கும் பையன் 30 சதவீதம் சிக்கரி கலந்த தூளை டீக்கடைகளில் ‘பியூர்’ என்று சொல்லிப் போட்டிருக்கிறான். விற்பனையில் அவன்தான் முதல். நிறுத்திவிடலாமா, கண்டித்து விடலாமா?

பதில்: இரண்டையும் இப்போது செய்யாதீர்கள். முதலில் அவர் இல்லாமல் நீங்களே அந்த லைனுக்கு ஒரு நடை போய்வாருங்கள். நாலு கடையில் உட்கார்ந்து, “எங்க ஆள் என்ன சொல்லிக் குடுத்தார்?” என்று கேளுங்கள். பொய் என்று உறுதியானால் கடைக்காரர் முன்னாலேயே கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, தூளை மேலாகத் தூவுங்கள். காபி மிதக்கும், சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு அடியில் இறங்கும். “இது கலவைதான், வேண்டாமென்றால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்” என்று சொல்லிவிடுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். இதையே போட்டிக் கம்பெனி ஆள் செய்து காட்டினால் லைனே போய்விடும்.

சிக்கரி கலப்பது குற்றமில்லை. காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, விகிதம் பாக்கெட்டில் அச்சாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பாக்கெட்டில் ஒன்று, வாயில் ஒன்று என்றால் கடைக்காரர் சட்டையைப் பிடிப்பது முதலாளியைத்தான்.

அப்புறம் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, கடை பெயர், தேதியோடு எழுத்தில் விளக்கம் கேளுங்கள். கோபத்தில் சம்பளத்தைப் பிடித்து வைக்காதீர்கள். நியாயம் அவர் பக்கம் போய்விடும். முதல் தவறு, ஒப்புக்கொள்கிறார் என்றால் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, அந்தக் கடைகளுக்கு அவரையே கூட்டிப்போய்த் திருத்திச் சொல்ல வையுங்கள். எச்சரித்தும் தொடர்ந்தால், முதலிடக்காரர் என்று பார்க்காமல் முறைப்படி விசாரித்து அனுப்பிவிடுங்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம்: மாதக் கடைசியில் அவருக்கு என்ன டார்கெட் கொடுத்திருந்தீர்கள்? அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் டார்கெட்டை எட்ட ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்கு திறந்த விவகாரம் 2016-ல் வெடித்தது. அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் இதற்காகச் சுமார் 5,300 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆள் மாறியும் டார்கெட் மாறவில்லை. அந்த டார்கெட்டை எடுத்தது மானம் போன பிறகுதான். உங்கள் இன்சென்டிவ் வெறும் கிலோக் கணக்கென்றால், அதில் ஒரு பங்கை அடுத்த மாதம் சரக்கு திரும்பி வராத கடைகளுக்கென்று மாற்றுங்கள். பில்லிலும் ‘காபி 70, சிக்கரி 30’ என்று தமிழிலேயே அச்சடித்து, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள்.