பிறந்த குழந்தையைப் பரிசோதிக்க நர்சிங் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்க, பொம்மை மட்டும் போதுமா?

போதாது. வார்டில் கூட்டம், குழந்தையைத் தொடத் தாய்மார்கள் விடுவதில்லை, அதனால் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தூக்கிப் பிடிக்க, தலைச்சுற்றளவு எடுக்க எல்லாம் பொம்மை நல்லதுதான். ஆனால் பொம்மைக்கு எல்லாமே சரியாக இருக்கும். அதில் பழகிய கை ‘இயல்பு’ என்று எழுதப் பழகிவிடும்.

பிரசவ வார்டில் எனக்கு 22 வருடம். ஒரு நாள் மாணவி ஒருத்தி குழந்தையின் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்து, ‘அண்ணம் இயல்பு’ என்று, அதாவது வாயின் மேற்கூரை சரியாக இருக்கிறது என்று எழுதினாள். நான் சொல்லிக்கொடுத்த முறை அது. கையெழுத்தும் போட்டேன். அன்று ராத்திரி அந்தத் தாய், “சிஸ்டர், பால் மூக்கு வழியா வருது, எனக்குக் கொடுக்கத் தெரியலையா?” என்று அழுதாள். மாமியார் அதுவரை அவளைத் திட்டிக்கொண்டிருந்தார். டார்ச் அடித்து, நாக்கை அழுத்திப் பார்த்தேன். உள்ளே மென்மையான அண்ணத்தில் பிளவு, உள்நாக்கு இரண்டாகப் பிரிந்திருந்தது. விரல் முன்னால் இருக்கும் கடின அண்ணத்தோடு நின்றுவிட்டது. தப்பு அந்த மாணவியுடையது இல்லை, என்னுடையது.

அதற்குப் பிறகு முதல் இரண்டு நிமிடம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கச் சொல்கிறேன். மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பிறந்த குழந்தை சில நொடி மூச்சை நிறுத்தி மறுபடி விடும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்கு தப்பும். தூங்கும்போதே இதயத்தைக் கேட்டுவிட வேண்டும். இடுப்பு மூட்டை அசைத்துப் பார்ப்பது கடைசியில், அதுவும் ஒரு குழந்தைக்கு ஒரு மாணவிதான். அப்போது குழந்தை வீறிட்டு அழும், வாய் அகலத் திறக்கும். டார்ச்சை அந்த நேரத்தில் அடியுங்கள். முதுகிலோ பிட்டத்திலோ நீலத் திட்டு இருந்தால் அளவோடு எழுதி வையுங்கள். பின்னால் யாரும் அதை அடிபட்ட காயம் என்று நினைக்கக் கூடாது.

‘இதெல்லாம் டாக்டர் வேலை’ என்று யாராவது வருவார்கள். டாக்டர் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டில் பக்கத்தில் நிற்பது நாங்கள்தான். தொகுப்பூதியத்தில் வருடக்கணக்காக ஓடும் செவிலியரிடம் மாணவிகளையும் ஒப்படைத்து, கேஸ் புக்கில் கையெழுத்து குறைகிறது என்று கேட்பவர்கள், ஒரு குழந்தைக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்று என்னிடம் இதுவரை கேட்டதில்லை.

அப்புறம், பரிசோதனையைத் தாயின் பக்கத்திலேயே, அவளிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஒரு தடவை நாங்கள் துணியைப் பிரிக்கும் முன்பே ஒரு தாய், “இவன் வலது கையை அசைக்கவே மாட்டேங்கிறான் சிஸ்டர்” என்றாள். தொட்டுப் பார்த்தால் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் காரை எலும்பில் நறநறவென்றது, எலும்பு முறிந்திருந்தது. டாக்டர் வந்து பார்த்து, சட்டைக் கையை மார்போடு சேர்த்து ஊக்கு குத்தச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து வந்தபோது, இரண்டு கையாலும் அம்மாவின் முந்தானையை இழுத்துக்கொண்டிருந்தான்.