சனி, ஞாயிறு யார் கையில்? முதலாளிகளின் கேள்விகளும் பதில்களும்

சிங்கப்பூரில் சிறிய, நடுத்தர நிறுவனம் நடத்துகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் வார இறுதியைப் பற்றிக் கேட்ட கேள்விகள் இவை. நிறுவன நிர்வாகத்தில் அனுபவமுள்ள ஒருவர் பதில் சொல்கிறார்.

ஜூரோங், சரக்குப் போக்குவரத்து: அண்ணே, சனிக்கிழமை வீட்டில்தான் இருக்கிறேன். ஆனாலும் போனைக் கீழே வைக்க முடியவில்லை. ஆட்கள் எதற்கெடுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

அவர்களுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை, அதனால் கூப்பிடுகிறார்கள். முதலில் இரண்டு வாரம் ஒவ்வொரு அழைப்பையும் குறித்து வையுங்கள்: யார், எதற்கு, நீங்கள் என்ன சொன்னீர்கள். பெரும்பாலும் மூன்றே விஷயங்கள்தான் வரும்: பணம் செலவழிக்க அனுமதி, கோபத்தில் இருக்கும் வாடிக்கையாளர், வேலைக்கு வராத ஆள். மூன்றுக்கும் எழுத்தில் எல்லை கொடுங்கள். உதாரணமாக, வார இறுதிப் பொறுப்பாளர் 500 வெள்ளி (டாலர்) வரை யாரையும் கேட்காமல் செலவழிக்கலாம், 200 வெள்ளி வரை தள்ளுபடி தரலாம், பகுதிநேர ஓட்டுநரை அவரே அழைத்துக்கொள்ளலாம். தொகை உங்கள் வரவுசெலவைப் பொறுத்தது. ஆனால் எண் கட்டாயம் வேண்டும். 'பார்த்துச் செய்யுங்கள்' என்று சொன்னால் மறுபடி உங்களுக்கே போன் வரும்.

உங்களை எப்போது கூப்பிடலாம் என்பதையும் எழுதுங்கள்: யாருக்காவது காயம், வாகன விபத்து, தீ, அதிகாரிகள் வருகை, 5,000 வெள்ளிக்கு மேல் நட்டம். மற்றதெல்லாம் திங்கள் காலை 8.30 மணிக்குக் குறிப்பாக வரட்டும்.

வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு 20 நிமிடம் ஒப்படைப்புக் கூட்டம் நடத்துங்கள். பாதியில் நிற்கும் வேலை, கட்ட வேண்டிய பணம், கூப்பிடக்கூடிய வாடிக்கையாளர், விடுப்பில் இருப்பவர் ஆகிய நான்கையும் பேசினால் போதும்.

இது கெட்டுப்போவது மூன்று இடங்களில். ஒன்று, நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் ஒப்புதல் தரக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான் என்றால், பொறுப்பாளர் கை கட்டிப்போட்ட மாதிரிதான். அவருக்கும் வரம்போடு ஒப்புதல் உரிமை கொடுங்கள். உடனடியாகப் பணம் அனுப்பும் பேநவ், ஃபாஸ்ட் இரண்டும் ஞாயிறும் வேலை செய்யும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் கழிக்கும் ஜைரோ மட்டும் வேலைநாளில்தான் ஓடும். இரண்டு, சனிக்கிழமை நீங்களே குழுவில் ஒரு கேள்வி போடுவது. போன் திறந்திருக்கிறது என்று எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். அன்றைக்கு ஏதாவது தோன்றினால் மின்னஞ்சலாக எழுதி, திங்கள் காலை போகும்படி நேரம் குறித்து வையுங்கள். மூன்றாவதுதான் மோசமானது: பொறுப்பாளர் எடுத்த முடிவைத் திங்கட்கிழமை மாற்றுவது. ஒரு தடவை மாற்றினால் அடுத்த வாரம் அவர் எதையும் முடிவு செய்யமாட்டார். நட்டம் வந்தாலும் ஏற்றுக்கொண்டு, எல்லையைத் திருத்துங்கள்.

உட்லண்ட்ஸ், அலுமினியத் தொழிற்கூடம்: ஆட்களை ஞாயிறும் வரச்சொல்கிறேன். அவர்களைப் பார்த்துக்கொள்ள நானும் போக வேண்டியிருக்கிறது.

அந்த ஞாயிறு எவ்வளவு செலவு வைக்கிறது என்று கணக்குப் போடுங்கள். வேலை நியமனச் சட்டத்தின் 4ஆம் பகுதி, மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரை உள்ள உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கும் 2,600 வெள்ளி வரை உள்ள மற்ற ஊழியர்களுக்கும் பொருந்தும். வாரத்துக்கு ஒரு ஓய்வு நாள் அவர்கள் உரிமை. நீங்கள் கேட்டு அன்று வேலை செய்தால் அரை நாள் வரை ஒரு நாள் சம்பளம், அதற்கு மேல் போனால் இரண்டு நாள் சம்பளம். ஆனால் ஓய்வு நாள் ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆட்களை இரண்டு அணியாகப் பிரித்து ஓய்வு நாளை மாற்றி மாற்றி வையுங்கள். மாதம் தொடங்கும் முன் பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும். ஞாயிறு அணிக்கு ஒரு மேற்பார்வையாளரை வைத்தால் நீங்கள் போகவே வேண்டாம்.

ஷெண்டன் வே, மென்பொருள் நிறுவனம்: நியூயார்க் வாடிக்கையாளர் சனிக்கிழமையைத் தின்றுவிடுகிறார், ரியாத் ஞாயிற்றுக்கிழமையை.

நியூயார்க் நமக்கு 12 மணி நேரம் பின்னால், அவர்களுடைய குளிர்காலத்தில் 13. அவர்களுக்கு வெள்ளிக்கிழமை மாலை 5 மணி ஆகும்போது நமக்குச் சனி காலை 5 அல்லது 6. அதற்குப் பிறகு அங்கே யாரும் உங்கள் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை. சனி காலை 7 முதல் 8 வரை படித்துப் பதில் எழுதி, திங்கள் இரவு 9 மணிக்குப் போகும்படி வையுங்கள்.

ரியாத் வேறு கதை. அங்கே வெள்ளி, சனி விடுமுறை, ஞாயிறு வேலைநாள். நமக்கு 5 மணி நேரம் பின்னால் என்பதால் அவர்களுடைய காலை 9 நமக்குப் பிற்பகல் 2. ஞாயிறு 2 முதல் 3 வரை ஒரே அழைப்பு என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் திங்கட்கிழமை விடுப்பு எடுக்கும் ஒருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். துபாய் 2022 முதல் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறிவிட்டது. அங்கே ஞாயிறு அழைப்பு இன்னும் நடந்தால் அது பழைய பழக்கம்தான்.

செங்காங், இல்லத்தரசி: அண்ணா, வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தும் இல்லாத மாதிரிதான். பையன் தொடக்கநிலை 6.

தங்கச்சி, 'எங்களோடு நேரம் செலவழியுங்கள்' என்று கேட்டால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. அவர் மட்டுமே செய்யக்கூடிய வேலையாகப் பார்த்துக் கொடுங்கள். சனி காலை ஈரச்சந்தைக்குப் பையனை அவர்தான் கூட்டிப்போக வேண்டும். துணைப்பாட வகுப்பில் விட்டுக் கூட்டிவருவதும் அவர்தான். பையனின் தமிழ் வாய்மொழித் தேர்வில் வாசிப்போடு உரையாடலும் உண்டு. அதற்கு அப்பா தினசரிச் செய்தி ஒன்றை எடுத்து, 'நீ என்ன நினைக்கிறாய், ஏன்?' என்று அரைமணி நேரம் தமிழில் பேசினால் அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. அந்த நேரத்தில் போன் வேறு அறையில் இருக்கட்டும். மேசையில் கவிழ்த்து வைத்தாலும் மனது அதன் மேல்தான் இருக்கும். வியாழன் இரவு இருவரும் 15 நிமிடம் உட்கார்ந்து வார இறுதியை ஒரே நாட்காட்டியில் எழுதிவிடுங்கள். சனிக்கிழமை காலையில் பேச ஆரம்பித்தால் அது சண்டையில்தான் முடியும்.

தேக்கா, உணவகம்: எங்களுக்கு ஞாயிறுதான் வியாபாரமே.

அப்படியானால் உங்கள் வார இறுதி வேறு நாளில் வரட்டும். எட்டு வார விற்பனையை நாள்வாரியாக எடுத்து, எது குறைவோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததிலிருந்து தூங்கும் வரை அந்த நாள் வீட்டுக்கு. மாதத்தில் ஒரு ஞாயிறாவது மாற்றுச் சமையல்காரரை வைத்துவிட்டு வெளியே வாருங்கள். கல்யாணம், காதுகுத்து எல்லாம் ஞாயிறில்தான் வருகிறது.

பீஷான், ஏற்றுமதி: கோல்ஃப் ஓய்வா, வேலையா?

வாடிக்கையாளர் கூட இருந்தால் வேலை.

ஓய்வுக்குச் செலவே வேண்டாம். தாவரவியல் பூங்கா காலை 5 மணிக்கே திறந்துவிடும், நுழைவுக் கட்டணமும் இல்லை. மெக்ரிட்சி மரவுச்சி நடைபாலம் திங்கட்கிழமை மூடியிருக்கும், அன்று ஓய்வெடுக்கும் கடைக்காரர்கள் கவனிக்க. புலாவ் உபின் தீவுக்குப் போகும் படகு 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும், ரொக்கம் எடுத்துப் போங்கள். சனிக்கிழமை காலை ஜோகூர் மட்டும் வேண்டாம். பாதி நாள் எல்லைப் பாலத்திலேயே போய்விடும்.

பொங்கோல், கணக்குச் சேவை: வார இறுதியில் வேலையே கூடாதா?

கூடும். சனி காலை 7 முதல் 10 வரை, வீட்டுக்கு வெளியே. மின்னஞ்சலைத் திறக்காமல், வாரநாளில் செய்ய முடியாததை மட்டும் செய்யுங்கள்: அடுத்த 13 வாரப் பண வரவுசெலவு, விலைப்பட்டியல், ஆள் எடுப்பு. கெடு தேதிகளை இப்போதே குறித்து வையுங்கள். மசேநிதி (மத்திய சேம நிதி) மாதக் கடைசி நாளில் கட்ட வேண்டியது, அடுத்த மாதம் 14 வரை அவகாசம். பொருள் சேவை வரிப் படிவம் காலாண்டு முடிந்து ஒரு மாதத்துக்குள். இவை வார இறுதியை ஒட்டி வரும் மாதங்களில், முந்தைய புதன்கிழமையே முடித்துவிடச் சொல்லுங்கள்.