இருட்டில் ஒளிர்ந்த கணவாய்

கேள்வி: பேலியகொடையில் வாங்கிய கணவாயைத் துப்புரவாக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தேன். இரவு மின்சாரம் நின்றிருந்தபோது பெட்டியைத் திறந்தால், கோப்பைக்குள் நீல வெளிச்சம்! மாமியார் பயந்து அவ்வளவையும் கொட்டச் சொன்னார். இது நஞ்சா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: நஞ்சல்ல, சகோதரி. கடலில் வாழும் ஒளிரும் பற்றீரியாக்கள் கணவாயின் ஈரத் தசையில் பெருகியிருக்கின்றன. உப்பும் காற்றும் கிடைத்தால் குளிரிலும் அவை வளரும். நன்றாக வேகவைத்தால் இறந்துவிடும். ஒளிர்ந்ததற்காக மட்டும் கொட்ட வேண்டியதில்லை. மணம் மாறியிருந்தாலோ தொட்டால் பிசுபிசுத்தாலோ மாமியார் சொன்னதே சரி.

வெள்ளவத்தையில் இருபத்தெட்டு ஆண்டுகள் உயர்தர மாணவர்களுக்கு விலங்கியல் கற்பித்தவள் நான். கணவாயை வெட்டும் ஒவ்வொரு வகுப்பிலும், மைப்பையைக் கிழித்துவிடாதீர்கள் என்று கெஞ்சுவேன். நம் கடலில் பிடிபடும் நீண்ட கணவாய்கள் சிலவற்றில் அந்தப் பையின் மேல்தான் இரண்டு சிறிய ஒளியுறுப்புகள் ஒட்டியிருக்கும். கத்தரிக்கோல் நுனி சறுக்கினால் மேசையெல்லாம் கறுப்பு, பிறகு எதுவும் தெரியாது. அந்த உறுப்புகளுக்குள் குடியிருப்பவையும் பற்றீரியாக்களே.

இந்த உறவை மிக நுணுக்கமாக ஆராய்ந்தது ஹவாயின் கட்டைவிரலளவுக் குட்டைக் கணவாயில். முட்டையிலிருந்து வரும்போது அதன் ஒளியுறுப்பு வெறுமையாக இருக்கும். கடல்நீரில் எத்தனையோ பற்றீரியாக்கள் இருந்தும், சில மணி நேரத்துக்குள் 'விப்ரியோ பிஷரி' என்ற ஒன்றை மட்டும் உள்ளே சேர்த்துக்கொள்ளும். தனியே திரியும்போது ஒளிராத அது, உள்ளே நெருக்கியடித்துப் பெருகியதும் ஒளிரத் தொடங்கும். மேலிருந்து விழும் நிலவொளிக்கு ஈடாக வயிற்றுப்பக்கம் வெளிச்சம் விடுவதால், கீழே பதுங்கியிருக்கும் மீனுக்குக் கணவாயின் நிழல் தெரியாது. விடிந்ததும் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் வெளியே தள்ளிவிட்டு மணலுக்குள் புதைந்துகொள்ளும். மிஞ்சியவை இரவுக்குள் மறுபடியும் நிரம்பிவிடும்.

பற்றீரியாவோடு இப்படிக் கூடி வாழ்வது கணவாய் மட்டுமல்ல. 1977இல் பசிபிக் கடலின் கலாபகோஸ் தீவுகள் அருகே ஆழ்கடல் வெந்நீரூற்றில் கண்ட பெரிய குழாய்ப்புழுவுக்கு வாயுமில்லை, குடலுமில்லை. கந்தகச் சேர்மத்தைக் கொண்டு அதற்கு உணவாக்கித் தருபவை அதன் உடலுக்குள் வாழும் பற்றீரியாக்களே என்பதை 1981இல் எடுத்துக் காட்டியவர் கொலீன் கவனோ, அப்போது ஒரு மாணவி. இதைச் சொல்லாமல் நான் ஓர் ஆண்டையும் முடித்ததில்லை.

அடுத்த முறை ஒளிர்ந்தால் கோப்பையை இருட்டில் மெல்ல ஆட்டுங்கள். காற்றுப் பட்டதும் வெளிச்சம் கூடும். மாமியாரையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, நன்னீரில் அலசி அடுப்பில் ஏற்றுங்கள்.