நாலு பேர் சேர்ந்த பட்டறை

அன்புள்ள ஐயா,

வயலின் படிக்கும் உங்கள் பாப்பா ஸ்ட்ரிங் குவார்டெட்டில் வாசிக்க ஆசைப்படுகிறாள் என்று போன வாரம் சிவதாபுரத்திலிருந்து வந்து உட்கார்ந்ததும் நீங்கள் கேட்டது இதுதான்: "நாலு பேர் கூடி பிடில் வாசிச்சா, அதுக்கு மாசச் சம்பளம் யாருங்க குடுப்பாங்க?" வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மீதியை இதில் எழுதுகிறேன்.

யாரும் கொடுக்க மாட்டார்கள். ஸ்ட்ரிங் குவார்டெட் என்பது நாலு பேர் குழு: இரண்டு வயலின், வயலின் மாதிரியே இருக்கும் ஒரு வியோலா, தரையில் நிறுத்தி வாசிக்கும் பெரிய செல்லோ ஒன்று. முதலாளி கிடையாது, இசையை நடத்திக் கொடுக்க நடத்துநரும் கிடையாது. உங்கள் கொலுசுப் பட்டறையை நாலு பங்காளிகள் சேர்ந்து நடத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். எங்கே வாசிப்பது, எதை வாசிப்பது, வந்த பணத்தை எப்படிப் பிரிப்பது என எல்லாவற்றையும் நாலு பேரும் பேசித்தான் முடிக்க வேண்டும். விமானத்தில் போனால் செல்லோவுக்கும் ஒரு சீட் வாங்க வேண்டும், நாலு பேருக்கு ஐந்து டிக்கெட். அந்தச் செலவும் பங்குதான்.

இப்படியும் நாற்பது ஐம்பது வருடம் ஓடிய குழுக்கள் உண்டு. அமெரிக்காவின் எமர்சன் குவார்டெட் 1976-ல் தொடங்கி 2023-ல் தானாகவே விடைபெற்றது. அதன் இரண்டு வயலின்காரர்களும் முதல் வயலின் இடத்தில் மாறி மாறி உட்கார்ந்தார்கள். 'யார் பெரியவர்' என்ற சண்டைக்கே இடம் வைக்கவில்லை. லண்டனில் 1947-ல் உருவான அமாடியஸ் குவார்டெட்டில் நாற்பது வருடம் ஆள் மாறவே இல்லை. 1987-ல் வியோலா வாசித்தவர் இறந்ததும் மற்ற மூவரும் வேறு ஆளைத் தேடாமல் குழுவையே கலைத்துவிட்டார்கள். 1975-ல் புடாபெஸ்டில் நாலு மாணவர்கள் தொடங்கிய டாகாச் குவார்டெட் வேறு வழியில் போனது. ஒவ்வொருவராக ஆள் மாறியும் பெயர் இன்றும் நிற்கிறது. பட்டறைக்காரரான உங்களுக்கு இந்த இரண்டு வகையும் புதிதில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. எமர்சன் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியது. டாகாச் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1946-ல் தொடங்கிய ஜூலியார்ட் குவார்டெட்டின் பெயரே நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப் பள்ளியின் பெயர்தான். உலகம் முழுக்கக் கைதட்டு வாங்கினாலும் காலை ஊன்றியது வகுப்பறையில்தான். அதனால் பாப்பா குவார்டெட் வாசிக்க வேண்டும் என்றால் முதலில் நல்ல வாத்தியார் ஆக வேண்டும். ஏற்காட்டு விடுதிப் பள்ளியில் அவளுக்குக் கற்றுக் கொடுத்தவரும் ஒரு வாத்தியார்தானே.

பக்கத்து வீட்டுக்காரர் சேலம் அரசு இசைப் பள்ளியில் சேர்க்கச் சொன்னதாகச் சொன்னீர்கள். நல்ல இடம்தான், ஆனால் அங்கே வயலின் கர்நாடக முறை. கருவி ஒன்றானாலும் சுருதி கூட்டுவது, உட்காரும் விதம், பாடம் எல்லாமே வேறு. இவள் இதுவரை படித்தது நோட்டைப் பார்த்து வாசிக்கும் மேற்கத்திய முறை. சென்னையில் ஏ.ஆர்.ரகுமான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசைத் தேர்வில் எட்டாவது கிரேடை முடித்துவிட்டுப் போவது நல்லது. வெளிநாட்டுப் படிப்பென்றால், உதவித்தொகை கைக்கு வராமல் நிலத்தை விற்க வேண்டாம். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

இன்ஜினியரிங்கில் சேர்த்துவிட்டு "மியூசிக்கும் பார்த்துக்கோ" என்று சொல்லாதீர்கள். தினம் நாலு மணி நேரம் சாதகம் செய்யும் பிள்ளைக்கு அது இரண்டையும் கெடுக்கும். டிகிரி வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் பி.காம். போதும். மத்தியானத்துக்குள் வகுப்பு முடிகிற கல்லூரியாகப் பாருங்கள்.

பாப்பாவிடம் சொல்ல ஒரு விஷயம். வயலின் வாசிப்பவர்கள் நிறைய, வியோலா எடுப்பவர்கள் குறைவு. வயலினைவிடக் கொஞ்சம் பெரிய கருவி. நோட்டை வேறு குறியில் படிக்கப் பழக வேண்டும், அவ்வளவுதான். அதையும் கற்றுக்கொண்டால் எந்தக் குழுவிலும், மும்பையில் 2006-ல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா என்ற பெரிய வாத்தியக் குழு மாதிரியான இடத்திலும் கதவு கொஞ்சம் அகலமாகத் திறக்கும். சினிமா ரெக்கார்டிங்கை நம்பி மட்டும் கணக்குப் போடாதீர்கள். தந்தி வாத்தியக் கூட்டம் செய்த வேலையில் பெரும்பங்கை இப்போது கம்ப்யூட்டர் செய்துவிடுகிறது.

அப்புறம், அன்று நான் கேட்க மறந்த கேள்வி: அவளோடு வாசிக்கப்போகிற மற்ற மூன்று பேர் யார்? பெயர் சொல்ல முடியாவிட்டால் அது இன்னும் ஆசை மட்டும்தான். மேலே சொன்ன எதற்கும் அவசரமில்லை. மூன்று பேர் இருக்கிறார்கள் என்றால் வரும் ஞாயிறு கருவிகளோடு கூட்டி வாருங்கள். பதினோரு மணிக்கு மேல் வந்தால் ஆபீஸில் கூட்டம் இருக்காது.