உப்புக்காற்றும் ட்ரெயில் கேமராவும்: கேள்வி-பதில்

கே: எது நல்ல ட்ரெயில் கேமரா? ஒரே வரியில் சொல்லவும். (ஊர் எழுதவில்லை)

ப: மரத்தில் கட்டிவைத்தால் விலங்கு வரும்போது தானே படமெடுப்பது ட்ரெயில் கேமரா. எந்த இடம், எந்த விலங்கு, கையில் எவ்வளவு பணம் என்று எதையுமே சொல்லாமல் கேட்டால் ஒரே வரிப் பதில்: தெரியாது. மறுபடி எழுதுங்கள்.

கே: மிளகாய்த் தோட்டத்தில் ராத்திரி ஏதோ புகுந்து செடியை மிதித்துவிட்டுப் போகிறது. பன்றியா, நாயா என்று தெரிய வேண்டும். ஆறேழாயிரம் ரூபாய்க்குள் கேமரா கிடைக்குமா? (சாயல்குடி)

ப: கிடைக்கும். ட்ரிக்கர் வேகம் (விலங்கு முன்னால் வந்ததும் படமெடுக்க ஆகும் நேரம்) அரை செகண்டுக்குள் இருக்கட்டும். உள்ளே சின்னத் திரை இருந்தால் ரொம்ப வசதி. கேமரா எங்கே பார்க்கிறது என்று கட்டும்போதே தெரிந்துவிடும். வேலியில் சந்து இருக்கும் இடத்திலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி, முழங்கால் உயரத்தில், தடத்துக்குச் சாய்வாகக் கட்டுங்கள். தடத்துக்குக் குறுக்கே பார்க்க வைத்தால் வால் மட்டும்தான் விழும். லென்ஸ் வடக்குப் பார்க்கட்டும், காலை மாலை வெயில் நேரே அடிக்காது. எப்போதும் சொல்வதுதான்: வாங்கியதும் ஒரு வாரம் வீட்டு முற்றத்தில் கட்டி, உங்கள் கோழியையும் நாயையும் படமெடுத்துப் பாருங்கள். திருப்பி அனுப்பக் கெடு முடிவதற்குள் குறை தெரிந்துவிடும்.

கே: 24 மெகாபிக்சல் வாங்கலாமா, 48 வாங்கலாமா? (பரமக்குடி)

ப: இரண்டும் பெட்டிமேல் அச்சடித்த எண். மலிவு கேமராவுக்குள் இருக்கும் சென்சார் பெரும்பாலும் ஐந்தோ எட்டோதான், மீதி ஊதிப் பெருக்கியது. கார்டு நிறைவதுதான் மிச்சம்.

கே: வாட்டர்ப்ரூஃப், ஐ.பி. 66 என்று போட்டிருந்தது. எங்கள் பனந்தோப்பில் நரி வருகிறதா என்று பார்க்கக் கட்டினேன். இரண்டே மாதத்தில் கேமரா செத்துவிட்டது. ஏமாற்று வேலைதானே? (மண்டபம்)

ப: இந்தக் கடிதம் ஊர் மாறி ஊர் மாறி வந்துகொண்டே இருக்கிறது. ஐ.பி. 66-இல் முதல் 6 தூசிக்கு, அடுத்த 6 பீய்ச்சியடிக்கும் தண்ணீருக்கு. அதுவும் நல்ல தண்ணீர். உப்பைப் பற்றி அந்த எண் மூச்சு விடவில்லை.

என் முதல் கேமராவைத் தொண்டியில் ஒரு நண்பர் தோப்பில் கட்டி, ஒரு வாடைக்காலம் முழுக்கத் திறந்தே பார்க்காமல் விட்டேன். எடுத்தபோது ஸ்பிரிங் எல்லாம் பச்சை பூத்து, செல் கழன்றே வரவில்லை. விற்றவரிடம் சண்டைக்குப் போனேன். அவர் மூடியைத் திறந்து, மூடியை இறுக அடைக்கும் ரப்பர் வளையத்தில் ஒட்டியிருந்த ஒரே ஒரு மணல் பரலைக் காட்டினார். நான்தான் கடற்கரையில், காற்றில் நின்று செல் மாற்றியவன். வாயை மூடிக்கொண்டு திரும்பினேன்.

உப்பு ராத்திரி ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம்தான் ஸ்பிரிங்கையும் சர்க்யூட்டையும் தின்கிறது. லென்ஸின்மேல் படியும் உப்பு பகலில் கண்ணுக்கே தெரியாது. ராத்திரி கேமராவின் இன்ஃப்ரா ரெட் விளக்கு வெளிச்சம் பட்டதும் படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளுக்கும். உடனே சென்சார் போய்விட்டது என்று கடிதம் எழுதுகிறார்கள்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை கேமராவை மூடியபடியே வீட்டுக்குக் கொண்டுவந்து, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். காய்ந்த துணியால் தேய்த்தால் உப்பே லென்ஸைக் கீறிவிடும். துடைத்து உலர்ந்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். வளையத்தைச் சுத்தம் செய்து சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய், வாஸ்லின் எல்லாம் வேண்டாம். உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று, அதையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தென்கடல் பக்கம் என்றால் கச்சான் (தென்மேற்குக் காற்று), வடகடல் பக்கம் என்றால் வாடை (வடகிழக்குக் காற்று). அந்த மாதங்களில் மரம் காற்றை மறைக்கும் பக்கமாகக் கட்டுங்கள்.

வாங்கும்போதும் இதையே பாருங்கள். மெகாபிக்சலுக்காக ஆயிரம் ரூபாய் கூடக் கொடுப்பவர்கள், மூடியைத் திறந்து வளையம் பள்ளத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை.

கே: ஆமை முட்டையிடக் கரையேறுவதை இதில் எடுக்க முடியுமா? (ராமேஸ்வரம்)

ப: இதை நம்பி இருக்க முடியாது. சுற்றுப்புறத்துக்கும் உடம்புக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தில்தான் இந்தக் கேமரா விழிக்கிறது. கடலிலிருந்து ஏறும் ஆமையிடம் அந்த வித்தியாசம் குறைவு. உடும்புக்கும் இதே கதை. டைம் லாப்ஸ் (குறித்த இடைவெளியில் தானே படமெடுப்பது) வைத்தால் அகப்படலாம், ஆனால் கரையில் கட்ட வனத்துறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். தடத்தைப் பார்த்தால் அவர்களுக்குச் சொல்லுங்கள், முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு எடுத்துப் போவார்கள். டார்ச் அடிக்கவே வேண்டாம்.

கே: முயல் எந்தத் தடத்தில் போகிறது என்று தெரிந்தால் கண்ணி வைக்க வசதியாக இருக்கும். எந்த மாடல்? (ஊர் வேண்டாம்)

ப: 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கண்ணி வைக்கும் உங்களையும் அதே கேமரா தேதி, நேரத்தோடு எடுத்து வைக்கும்.

கே: ஒரே நாளில் 900 படம். எல்லாமே கருவேல மரம். (கடலாடி)

ப: முன்னால் ஆடும் கிளையை வெட்டுங்கள். வெயிலில் சூடான இலை காற்றில் ஆடினால் விலங்கு என்று நினைத்துக்கொள்ளும். உச்சி வெயிலில் இதற்கு நேர்மாறாக, நிஜ விலங்கே வந்தாலும் விழிக்காமல் போகும். மண்ணும் உடம்பும் அப்போது கிட்டத்தட்ட ஒரே சூடு. சென்சிட்டிவிட்டியை நடுவில் வையுங்கள்.

கே: சிம் போடும் கேமராவை வெளிநாட்டிலிருந்து தம்பி அனுப்பினான். சிக்னலே வரவில்லை. (கீழக்கரை)

ப: நம் ஊர் 4ஜி பெரும்பாலும் 3, 5, 40 பேண்டுகளில் (அலைவரிசைகளில்) ஓடுகிறது. அமெரிக்காவுக்கென்று செய்த கேமராவில் இவற்றில் சில இருக்காது. அனுப்பச் சொல்லும் முன் பேண்டைக் கேட்டிருக்கலாம். சிம் இல்லாமல் சாதாரணக் கேமராவாகப் பயன்படுத்துங்கள்.

கே: சக்கரக்கோட்டைக் கண்மாயில் கட்டிப் பறவைகளை எடுக்கலாமா? (ராமநாதபுரம்)

ப: அது சரணாலயம். வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கூடாது. வேறு எங்கே கட்டினாலும் பெண்கள் விறகுக்கும் குளிக்கவும் போகும் தடத்தில் கட்டாதீர்கள். மனிதர் விழுந்த படம் என்றால் அழித்துவிடுங்கள். யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

கே: சார்ஜ் செய்யும் பென்சில் செல் போட்டேன். பகலில் சரி, ராத்திரிப் படம் மட்டும் இருட்டு. 128 ஜி.பி. கார்டையும் எடுக்க மாட்டேன் என்கிறது. (தேவிபட்டினம்)

ப: சார்ஜ் செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட், அல்கலைனுக்கு 1.5. எட்டு செல்லுக்குக் கணக்குப் போடுங்கள், ராத்திரி விளக்கு ஏன் மங்குகிறது என்று புரியும். அல்கலைன் போடுங்கள், முடிந்தால் லித்தியம். மலிவு மாடல்கள் பல 32 ஜி.பி.க்குமேல் ஏற்காது. 32 வாங்கி, கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். முற்றத்தில் ஒரு வாரம் கட்டிப் பார்த்திருந்தால் இரண்டும் வீட்டிலேயே தெரிந்திருக்கும்.