துருக்கி சுல்தான்ட கப்பல் ஏன் இந்தப் பக்கம் வரேல்ல?

கேள்வி: கோணேசர் கோயிலை இடிச்ச கல்லில போர்த்துக்கேயர் கோட்டை கட்டினாங்க, அந்த நேரம் உலகத்தையே நடுங்க வச்ச ஒட்டோமான் சுல்தான் ஏன் அவங்களை இந்து சமுத்திரத்தில இருந்து விரட்டேல்ல? - வாசகர், திருகோணமலை

பதில்: நல்ல கேள்வி. விரட்டப் பாத்தவங்கதான், சரிவரேல்ல. 1517ல எகிப்து கைக்கு வந்தோடன சூயஸ் துறைமுகமும் கிடைச்சிது, ஆனா அந்தக் கரையில கப்பல் கட்ட மரமே இல்ல, மத்தியதரைக் கடல் பக்கமிருந்து மரத்தைக் கொண்டுவந்து நைல் ஆத்தால ஏத்தி, பிறகு ஒட்டகத்தில கட்டி பாலைவனம் தாண்டி சூயசுக்குக் கொண்டு போகவேணும், ஒரு கப்பலுக்கே எவ்வளவு பாடு எண்டு யோசிச்சுப் பாருங்க!

1538ல சுமார் 70 கப்பலோட எகிப்தில இருந்த ஒட்டோமான் ஆளுநர் சுலைமான் பாஷா குஜராத்தில போர்த்துக்கேயர்ட தியூ கோட்டையை முற்றுகை போட்டார். வாற வழியில யேமன் கரையில உள்ள ஏடன் துறைமுகத்தின்ட ஆட்சியாளரைத் தூக்கில போட்டதால குஜராத்காரருக்கு நம்பிக்கை போச்சு, எங்களுக்கும் இதே கதிதானோ எண்டு பயந்து உதவியை நிப்பாட்டினாங்க. என்ட அபிப்பிராயத்தில தோல்விக்கு பீரங்கியை விட இந்த அவநம்பிக்கைதான் பெரிய காரணம்.

அதுக்குப் பிறகு இறக்கம்தான். உலகப்படம் கீறின ஒட்டோமான் கடற்படைத் தளபதி பிரி ரெயிஸ், பாரசீக வளைகுடா வாசல்ல போர்த்துக்கேயர் வச்சிருந்த ஹொர்முஸ் கோட்டையைப் பிடிக்காம திரும்பினதுக்கு, அந்த வயசான மனுசனுக்கு மரண தண்டனை, எனக்கு இண்டைக்கும் ஆறேல்ல. 1567ல போர்த்துக்கேயருக்கு எதிரா உதவி கேட்ட சுமாத்திராவின்ட அச்சே சுல்தானுக்கு அனுப்ப வெளிக்கிட்ட கப்பல்படையை யேமன் கலகத்துக்குத் திருப்பிட்டாங்க. 1589ல கிழக்கு ஆபிரிக்காவின்ட மொம்பாசாவில ஒட்டோமான் கப்பல் தலைவர் மீர் அலி பேயும் போர்த்துக்கேயரிட்ட பிடிபட்டார். இங்க 1624ல கோட்டை எழும்பேக்க இந்தக் கடல்ல போர்த்துக்கேயரை எதிர்க்க ஒட்டோமான் கப்பல்படை எண்டு ஒண்டும் மிச்சமில்ல, 1639ல திருகோணமலையில இருந்து அவங்களைக் கலைச்சது ஒல்லாந்தர்.