பெஞ்சு கனமாக இருக்கட்டும்!

கேள்வி: மாடியில் 10-க்கு 8 அடி அறை. கையால் மரவேலை பழக ஒரு பெஞ்சு செய்யப்போகிறேன். என்ன மரம், எவ்வளவு உயரம்? - வாசகர், திருச்சி

பதில்: தேக்கெல்லாம் வேண்டாம், தம்பி. காய்ந்த வேம்போ வாகையோ போதும். வீடு இடிக்கும் இடத்தில் பழைய உத்திரம் கிடைத்தால் இன்னும் நல்லது. அது முறுக்க வேண்டியதெல்லாம் முறுக்கி முடித்திருக்கும். காந்தத்தை ஓட்டி ஆணிகளைப் பிடுங்கிவிட்டுத்தான் இழைப்புளி போட வேண்டும்.

மேல்பலகை 5 அடி நீளம், 20 அங்குல அகலம், 3 அங்குலக் கனம். மெல்லிய பலகை உளியடிக்குத் துள்ளும். கையைத் தொங்கவிட்டு நின்றால் விரல் முட்டி எங்கே வருகிறதோ, அதுதான் உயரம். அப்போதுதான் இழைக்கும்போது உடம்பு பாரம் இழைப்புளிமேல் இறங்கும்.

முன்கால்கள் பலகை விளிம்போடு ஒரே மட்டத்தில் நிற்கட்டும். 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுத் தச்சர் ரூபோ வரைந்த பெஞ்சும் அப்படித்தான். கதவுப் பலகையைக் காலோடு சேர்த்துக் கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) போட்டு ஓரம் இழைக்கலாம். காலின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, பலகையில் வெட்டிய துளைக்குள் செருகிச் சேர்த்துவிடுங்கள். ஸ்க்ரூ ஆட்டம் கொடுக்கும். மரத்தைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் பிறகு வாங்கலாம். கீழே டிராயர் மட்டும் வைக்காதீர்கள், கிளாம்ப் நுழைய இடமிருக்காது.